பட்டாளத்துக்காரர் உடம்புக்கு ஒரு நோட்டு: ஓய்வுக்குப் பிறகு வலியையும் ராணுவச் செய்தியையும் சமாளிக்கும் வழி

2025 மே 7 விடியற்காலையில் ஆபரேஷன் சிந்தூர் செய்தி வந்தது. அன்றிலிருந்து 10-ஆம் தேதி சாயங்காலம் சண்டை நிறுத்தம் அறிவிக்கும் வரை டிவி முன்னாலிருந்து நான் எழுந்தது சாப்பிடவும் பாத்ரூம் போகவும்தான். என் பிரஷர் நோட்டில் அந்த நாலு நாள் காலைக் கணக்கு இப்படி இருக்கிறது: 148/92, 156/96, 164/98, 172/104. அதற்கு முந்தின மாதம் முழுக்க மேல் அளவு 136-ஐத் தாண்டவே இல்லை. மாத்திரை ஒரு வேளைகூட விடவில்லை, ஊறுகாய் தொடவில்லை, வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ராத்திரி ரெண்டு மணி வரை செய்தி பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை என் மனைவிதான், முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில், டாக்டரிடம் பிரித்துக் காட்டினார். டாக்டர் திரும்ப ரெண்டு தடவை அளந்து பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார், மாத்திரையை மாற்றவில்லை. "ராத்திரி எட்டு மணிக்கு மேல டிவியைப் போடாதீங்க, பத்து நாள் கழிச்சு நோட்டோட வாங்க" என்றார். பத்து நாளில் 138/86-க்கு இறங்கியது. உடம்பு வேறு, செய்தி வேறு என்று பிரித்து வைத்திருந்தது தப்பு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ராணுவத்தில் இல்லாதவருக்கு அது செய்தி. நமக்கு அது பழைய இடத்துக்கே திரும்பிப் போவது.

நான் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்கள் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு பட்டாளத்து வீடு இருக்கும். 1990-ல் ஆர்ட்டிலரியில், அதாவது பீரங்கிப் படையில் சேர்ந்தேன், 1999 கார்கில் சண்டையில் திராஸில் போஃபர்ஸ் பேட்டரியில், அதாவது போஃபர்ஸ் பீரங்கிகள் கொண்ட பிரிவில் இருந்தேன், 24 வருஷம் முடித்து 2014-ல் ஹவில்தாராக வீட்டுக்கு வந்தேன். இப்போது வலது காது பாதிதான் கேட்கிறது, ரெண்டு முட்டியும் தேய்மானம், பிரஷர், எட்டு வருஷமாகச் சர்க்கரை. நான் டாக்டர் இல்லை. என்னைப் போன்றவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் தினசரி செய்ய வேண்டியது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

முதலில் அந்த நோட்டு

பேட்டரியில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு ஹிஸ்டரி புக் உண்டு. எந்தத் தேதியில் எத்தனை ரவுண்டு, என்ன சார்ஜ், பேரல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எப்போது பழுது பார்த்தார்கள், எல்லாம் அதில் ஏறும். கார்கிலில் நம் பக்கம் சுட்ட ஷெல்லும் ராக்கெட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல். பீரங்கி ஒவ்வொன்றும் எவ்வளவு சுட்டது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பக்கத்தில் நின்றவன் காதுக்குள் அதில் எத்தனை போனது என்பதற்கு எந்த நோட்டும் கிடையாது. திராஸில் இருக்கும் பாயிண்ட் 5140 சிகரத்துக்கு 2022-ல் 'கன் ஹில்' என்று பெயர் வைத்தார்கள், அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. காதில் அந்த 'ஙொய்' சத்தம் அன்றைக்கும் இருந்தது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். இருநூறு பக்கத்தில் நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். இடது பக்கம் உடம்பு: தேதி, காலை பிரஷர், சர்க்கரை பார்த்த அன்று அந்த அளவு, மாத்திரை போட்டதற்கு ஒரு டிக், எங்கே வலி. வலது பக்கம்: ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை தடவை எழுந்தோம், டிவியிலும் போனிலும் என்ன செய்தி பார்த்தோம், எவ்வளவு நேரம். இந்த வலது பக்கத்தை யாரும் எழுதச் சொல்லமாட்டார்கள். ஆனால் எனக்கு விடை கிடைத்தது அந்தப் பக்கத்தில்தான். போனில் ஆப் இருக்கிறதே என்று பையன் கேட்டான். பாலிகிளினிக்கில் டாக்டருக்கு நமக்காக அஞ்சு நிமிஷம் கிடைத்தால் பெரிது. நோட்டு என்றால் அவர் கையில் வாங்கி ரெண்டு மாதத்தை அரை நிமிஷத்தில் புரட்டிவிடுவார்.

பிரஷர் அளப்பதில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். வாக்கிங் முடித்து வேர்வையோடு வந்து உட்கார்ந்ததும் பட்டையைச் சுற்றினால் வரும் எண் எதற்கும் உதவாது. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் காபி, டீ, பீடி எதுவும் வேண்டாம். ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, முதுகு சாய்கிற மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல் ரெண்டு பாதமும் தரையில் படிய, கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்க, அஞ்சு நிமிஷம் பேசாமல் இருங்கள். சட்டைக் கைமேல் பட்டையைச் சுற்றாதீர்கள். ஒரு நிமிஷ இடைவெளி விட்டு ரெண்டு தடவை எடுத்து ரெண்டையும் எழுதுங்கள். 180/120 என்கிற அளவில் வந்து, திரும்ப எடுத்தாலும் இறங்காமல் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது இதில் ஏதாவது இருந்தால் உடனே 108. அந்த நேரத்தில் பாலிகிளினிக், ரெஃபரல் என்று யோசிக்கவே கூடாது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முட்டி, பாதம், காது

முட்டி வலிக்கு நாம் செய்யும் பெரிய தப்பு, பழைய பி.டி. ஞாபகத்தில் ஓடுவது. ஐம்பது வயதுக்கு மேல் தேய்ந்த முட்டியோடு தார் ரோட்டில் அஞ்சு கிலோமீட்டர் ஓடிக் காட்ட வேண்டியதில்லை, யாரும் டைம் எடுக்கவில்லை. ஏரிக்கரை மாதிரி மண் தரையில், ஷூ போட்டுக்கொண்டு, நாற்பது நிமிஷம் நடந்தால் போதும். அதைவிட முக்கியம் தொடைச் சதை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை அப்படியே வைத்து, மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். மூணு வாரம் ஒன்றுமே தெரியாது. ஆறாவது வாரத்தில் பஸ் படி ஏறும்போது கம்பியை இழுத்துப் பிடிக்காமல் ஏறினேன், அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரிந்தது. எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டிமேல் விழும் பாரம் நாலு கிலோ அளவுக்குக் குறையும் என்று எலும்பு டாக்டர் சொன்னார். 84-லிருந்து 77-க்கு வந்திருக்கிறேன். வீட்டில் குந்தி உட்காரும் டாய்லெட் மட்டும் இருந்தால், செலவைப் பார்க்காமல் ஒன்றை வெஸ்டர்னாக மாற்றிவிடுங்கள்.

வலி மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. யூனிட்டின் வைத்திய அறையான எம்.ஐ. ரூமில் எதற்கெடுத்தாலும் புரூஃபன் வாங்கிப் பழகிய கை நம் கை. பிரஷரும் சர்க்கரையும் இருக்கிறவருக்கு அந்த வகை மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும், பிரஷரை ஏற்றும், வயிற்றில் புண் வைக்கும். மெடிக்கல் கடையில் சொந்தமாக வாங்கிப் போடவே போடாதீர்கள். எங்கள் ஊரில் ஒருவர் வருஷக்கணக்கில் தினம் ஒன்று போட்டு இன்று வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அவர் என்னைவிட நாலு வயது சின்னவர்.

பாதத்தைத் தினமும் ராத்திரி பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. இது நமக்குப் புதிது கிடையாது. லடாக்கில் உயரமான போஸ்டில் இருந்தபோது ஜோடியாக இருப்பவன் காலை நான் பார்ப்பேன், என் காலை அவன் பார்ப்பான், விரல் நிறம் மாறியிருந்தால் உடனே சொல்ல வேண்டும், வெட்கம் கிடையாது. அன்றைக்குக் குளிர் விரலைக் கொண்டுபோகும், இன்றைக்குச் சர்க்கரை கொண்டுபோகும், பார்க்கிற வேலை ஒன்றுதான். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. வயலுக்குப் போனாலும் வெறுங்காலோடு போகாதீர்கள். உள்ளங்கால் தெரியவில்லையென்றால் கீழே ஒரு சின்னக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

காது விஷயத்தை வீட்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பீரங்கிச் சத்தத்தில் கெட்ட காதுக்கு முதலில் போவது மெல்லிய, உச்சமான சத்தங்கள். ச, ஸ, ட மாதிரி எழுத்துகள் காணாமல் போகும், பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் மங்கும், ஆம்பளைக் குரல் ஓரளவு கேட்கும். அதனால் "நான் கூப்பிட்டால் மட்டும் இவருக்குக் கேட்காது" என்று பொண்டாட்டிக்குக் கோபம் வரும். என் வீட்டில் பதினைந்து வருஷம் இந்தச் சண்டை நடந்தது. பரிசோதனைச் சீட்டில் கோடு எப்படிக் கீழே விழுகிறது என்று காது டாக்டர் அவரிடம் காட்டி விளக்கினார், அன்றோடு அது நின்றது. சமையலறையிலிருந்து கத்தாதீர்கள், எதிரில் வந்து முகம் தெரிகிற மாதிரி கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள், அது போதும். காதில் எண்ணெய் விடுவது, கோழி இறகு விட்டுக் குடைவது எல்லாம் வேண்டாம். 'ஙொய்' என்கிற இரைச்சல் அமைதியான அறையில்தான் அதிகம் தெரியும், ராத்திரி ஃபேன் சத்தம் இருந்தால் அடங்கும். காது மெஷின் இ.சி.எச்.எஸ். வழியாகவே கிடைக்கும், காது மூக்கு தொண்டை டாக்டர் எழுத வேண்டும். மெஷின் வந்த முதல் வாரம் எவர்சில்வர் தட்டு சத்தம் மண்டையைப் பிளக்கும், அதனால்தான் நிறையப் பேர் டப்பாவுக்குள் போட்டுவிடுகிறார்கள். தினம் ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போங்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும். டிவி சத்தத்தை 40-ல் வைத்துச் செய்தி கேட்பதும் அதோடு நிற்கும், அந்தச் சத்தம் வீட்டில் எல்லாருக்குமே தலைவலி.

ராத்திரி

விடியற்காலை நாலரைக்கு, பட்டாளத்தில் எல்லாரும் ஆயுதத்தோடு தயாராக நிற்கும் ஸ்டாண்ட்-டு நேரத்தில், கண் தானாகத் திறக்கும். அது பரவாயில்லை, எழுந்து நடக்கப் போய்விடலாம். ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் தெரியாமல் உட்கார்ந்திருப்பது வேறு. அதைச் சொல்வதற்கு நமக்கு வாய் வராது. "மனசு சரியில்லை" என்றால் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். குண்டுச் சத்தத்துக்குள் மாதக்கணக்கில் இருந்த உடம்பு அப்படி எழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இதற்கு வைத்தியம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்று அரசாங்கமே நடத்துகிறது, இலவசம், தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். படையினருக்கென்று தனிப் பிரிவும் 2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் தொடங்கினார்கள். நான் ஒரு தடவை பேசினேன். இருபது நிமிஷம், பெயர்கூட முழுதாகக் கேட்கவில்லை, அந்தப் பெண் கேட்டதெல்லாம் எப்போதிலிருந்து, வாரத்தில் எத்தனை ராத்திரி என்பதுதான். நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

வீட்டுக்காரர்கள் அவரைத் தொட்டு உலுக்கி எழுப்ப வேண்டாம். என் மனைவி கதவுப் பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார், லைட்டைப் போடுவார், அப்புறம்தான் பக்கத்தில் வருவார். தீபாவளி ராத்திரியில் ஜன்னலை மூடி ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், திடீர் வெடியைவிடத் தொடர் சத்தம் தாங்கக்கூடியது.

கேண்டீன் கோட்டா ரம் தூங்க வைக்கும் என்பது பொய். முதல் மூணு மணி நேரம் அமுக்கும், அப்புறம் ஒரு மணிக்கு எழுப்பிவிடும், பிரஷரையும் ஏற்றும், சில சர்க்கரை மருந்துகளோடு சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கோட்டாவை வாங்காமல் விட்டால் ஒரு நஷ்டமும் இல்லை. வாங்கி வெளியில் விற்பதும் தப்பு.

செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். பன்னிரண்டு மணி நேர நைட் ட்யூட்டி சர்க்கரைக்கும் பிரஷருக்கும் எதிரி, முடிந்தால் பகல் ட்யூட்டி கேளுங்கள். முடியாதென்றால் மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், ராத்திரி ரெண்டு மணி டீயில் சர்க்கரை வேண்டாம். பேங்க் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போகிறதென்றால், துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கெட்ட ராத்திரியில் அது வீட்டுக்குள் இருக்கக் கூடாது. நான் ஒரு நண்பனை அப்படி இழந்திருக்கிறேன், அதற்கு மேல் எழுத முடியவில்லை.

செய்தியை எப்படிப் பார்ப்பது

பார்க்காமல் இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அது நடக்காது. நம் பையன்களும் மாமன் மச்சான் பிள்ளைகளும் இன்னும் எல்லையில் இருக்கிறார்கள். ஆனால் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் காலையில் பேப்பர், சாயங்காலம் ஏழு முதல் ஏழரை வரை டிவி, அதோடு சரி. ராத்திரி போனை வேறு அறையில் சார்ஜ் போடுகிறேன்.

சண்டைச் சமயத்தில் முதல் நாள் வரும் எதையும் நம்பாதீர்கள். பீரங்கிக்காரர்களுக்கு இது புரியும்: நாம் சுட்ட ஷெல் எங்கே விழுந்தது என்று நமக்குத் தெரியாது, மலைமேல் ஓ.பி. என்கிற கண்காணிப்பு இடத்தில் இருக்கும் ஆபீசர் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் 'டார்கெட்' என்று எழுதுவோம். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஓ.பி. கிடையாது. 2025 மே மாதம் கராச்சித் துறைமுகமே எரிந்துவிட்டது என்று சில சேனல்கள் ராத்திரி முழுக்கச் சொன்னன, அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நான் அதை நம்பி எழுந்து நின்று கை தட்டினேன், பக்கத்து வீட்டுப் பையன்களை எழுப்பிக் கூப்பிட்டேன். மறுநாள் உண்மை தெரிந்தபோது வந்த கோபம் பிரஷரை இன்னும் ஏற்றியது. ஆக, எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: ராணுவமோ வெளியுறவுத் துறையோ மேடையில் நின்று சொன்னதா, தேதி இடம் இருக்கிறதா, மறுநாளும் அதே செய்தி நிற்கிறதா. மூன்றும் இருந்தால்தான் நோட்டில் எழுதுவேன். வாட்ஸாப்பில் வரும் வீடியோவை அரசாங்கத்தின் பி.ஐ.பி. ஃபேக்ட் செக் பக்கத்தில் பார்த்துவிட்டு, அங்கேயும் இல்லையென்றால் அனுப்பாமல் விட்டுவிடுங்கள்.

செய்திக்குப் பின்னால் சைரன் சத்தம் போடுகிறார்களே, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. மூளைக்குத் தெரியும் அது டிவி என்று, உடம்புக்குத் தெரியாது. அந்த மே 10-ஆம் தேதி சைரன் சத்தத்தை நிகழ்ச்சிகளில் போடாதீர்கள் என்று அரசாங்கமே சேனல்களுக்கு எழுத வேண்டி வந்தது. மறுபடி போட்டால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படியுங்கள்.

படைகள் நகர்வதை நேரலையில் காட்டக் கூடாது என்று ஏப்ரல் 26-ஆம் தேதியே சேனல்களுக்கு உத்தரவு போனது. நமக்கும் அது பொருந்தும். ஸ்டேஷனில் மிலிட்டரி ரயிலைப் பார்த்தால் படம் எடுத்துப் போடாதீர்கள், போனில் பிள்ளையிடம் "எங்கடா இருக்கே" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா" போதும், அவன் குரலிலேயே தெரிந்துவிடும்.

வீரமரணச் செய்தி வரும் நாள் தனி. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனி சரிந்து 19 மெட்ராஸ் பட்டாலியன் ஆட்கள் பத்து பேர் போனபோதும், 2020 ஜூனில் கல்வானில் போன இருபது பேரில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி, நம் ஆர்ட்டிலரிக்காரர், ஒருவர் என்று தெரிந்தபோதும் எனக்கு மூணு நாள் சோறு இறங்கவில்லை. அதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் துக்கம் கூடுமே தவிர ஆறாது. இப்போது அப்படிச் செய்தி வந்தால் டிவியை அணைத்துவிட்டுப் பழைய பேட்டரி ஆள் ஒருவருக்குப் போன் செய்கிறேன். நம் மாவட்டம் என்றால் மெடல் குத்திக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் நிற்கிறேன். அந்த அம்மாவுக்கு நாம் வந்ததே பெரிது. நமக்கும் கை கால் இயங்கினால் நெஞ்சு கொஞ்சம் இறங்கும்.

பென்ஷன் செய்தி இன்னொரு தலைவலி. எட்டாவது சம்பளக் கமிஷனுக்கு 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததிலிருந்து, ஹவில்தாருக்கு இவ்வளவு, நாயக்குக்கு இவ்வளவு என்று அட்டவணை வாரம் ஒன்று வருகிறது. எதையும் நம்புவதற்கு முன் மூணு பாருங்கள்: உத்தரவு எண் இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து அமல், யாருக்குப் பொருந்தும். ஒரே பதவி ஒரே பென்ஷன் 2014 ஜூலை 1 முதல் அமல், பிறகு 2019 ஜூலை 1, 2024 ஜூலை 1 என்று அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை திருத்தம். தேதி தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது. 2023 செப்டம்பரில் ஊனமுற்றோர் பென்ஷனுக்குப் புது விதி வந்தபோது எங்கள் ஊரில் பத்து பேர் பயந்து என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அது அந்தத் தேதிக்குப் பிறகு சர்வீஸிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு என்று படித்துக் காட்டினேன், காபி குடித்துவிட்டு நிம்மதியாகப் போனார்கள்.

அக்னிபத் பற்றிக் கேட்கிறார்கள், சொல்கிறேன். நாலு வருஷத்தில் ஒரு பையன் பீரங்கி வேலையில் நல்லபடி தேறி வரும் சமயத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேரை அனுப்பிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சேர வேண்டாம் என்று எந்தப் பையனையும் நான் தடுத்ததில்லை, அந்த யூனிஃபார்மின் மரியாதை எனக்குத் தெரியும். ஆனால் அப்படித் திரும்பி வருகிறவனுக்குப் பென்ஷனும் கிடையாது, இ.சி.எச்.எஸ்.ஸும் கிடையாது, கேண்டீனும் கிடையாது. அதனால் போகிற தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முட்டியில் அடி, காதில் சத்தம், எதுவானாலும் அன்றைக்கே எம்.ஐ. ரூமில் காட்டிக் காகிதத்தில் ஏற்று. ட்யூட்டியில் அடிபட்டால் இஞ்சுரி ரிப்போர்ட் எழுதச் சொல்லி அதன் நகலை வீட்டுக்கு அனுப்பு. சர்வீஸால் வந்த ஊனம் என்று மெடிக்கல் போர்டு ஒத்துக்கொண்டால்தான் இழப்பீடு, அதற்குக் காகிதம் வேண்டும்.

அந்தத் தப்பை நான் செய்தேன். 2014-ல் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் உட்கார்ந்தபோது ஷேப்-1, அதாவது முழுத் தகுதி, என்று எழுதி வாங்கிக்கொண்டு சீக்கிரம் ரயில் ஏறினால் போதும் என்றிருந்தது. மனசு, காது, கை கால், உடம்பு, கண் என்று ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும் கணக்கு அது. காது எப்படி என்று டாக்டர் கேட்டார், "டீக் ஹை சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காகப் பிற்பாடு காதுக்கு ஊனப் பென்ஷன் கேட்க என் கையில் ஒரு சீட்டும் இல்லாமல் போனது. இன்னும் சர்வீஸில் இருந்து வெளியே வரப்போகிறவர்கள் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், போர்டில் எதையும் மறைக்காதீர்கள். வெளியே வந்துவிட்டவர்கள் உங்கள் ரெக்கார்ட் ஆபீசுக்கு, ஆர்ட்டிலரி என்றால் நாசிக் ரோடு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு எழுதி மெடிக்கல் பேப்பர்களின் நகல் கேளுங்கள். போர்டு நடவடிக்கைக் காகிதம், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்பது, முக்கியம். கேட்டது மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு, அதற்கு மேல் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சேரும்போது மெடிக்கலில் இல்லாத நோய் சர்வீஸில் வந்திருந்தால் அது சர்வீஸால் வந்ததாகவே முதலில் கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. என் ஆதாரம் பலவீனம், ஆனாலும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

இ.சி.எச்.எஸ். கார்டோடு போகும்போது

2003-ல் இந்தத் திட்டம் வருவதற்கு முன்னால் என் பெரியப்பா மாதிரி ஆட்கள் மருந்துக்கு எப்படி அலைந்தார்கள் என்று பார்த்தவன் நான், அதனால் இதை மதிக்கிறேன். ஆனால் முறை தெரியாமல் போனால் அலைச்சல்தான். பாலிகிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, அவர் ரெஃபரல் போட்ட பிறகே பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போவதற்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ரெண்டு கேள்வி கேளுங்கள்: ஒப்பந்தம் இப்போது நடப்பில் இருக்கிறதா, நமக்கு வேண்டிய பிரிவுக்கும் அது உண்டா. எலும்புக்கு இருக்கும், காதுக்கு இருக்காது. நான் கேட்காமல் போய், ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பில் முட்டியோடு ரெண்டு மணி நேரம் நின்றேன், "இந்தக் கார்டு இங்கே எடுக்கமாட்டோம், முன்பணம் கட்டுங்க" என்றார்கள். பாலிகிளினிக் பொறுப்பு அதிகாரி போனில் பேசிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். பாலிகிளினிக் நம்பரைப் போனிலும் நோட்டு அட்டையிலும் எழுதி வையுங்கள். மருந்து இல்லையென்றால் சீட்டில் 'இல்லை' என்று முத்திரையோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் சொன்னதை வைத்துப் பணம் திரும்ப வாங்க முடியாது.

உயிர் போகிற அவசரம் என்றால் ரெஃபரல் தேவையில்லை. எது பக்கமோ அங்கே போங்கள். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் பாலிகிளினிக்குக்குத் தகவல் போய்விட வேண்டும், பில், டிஸ்சார்ஜ் சம்மரி, அவசரச் சான்று எல்லாம் வாங்கிக்கொண்டால் அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குப் பணம் திரும்ப வரும். இந்த 48 மணி நேரக் கணக்கு நம் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் நாம் பேசுகிற நிலையில் இருக்கமாட்டோம்.

ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டிய மாதத்தை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதுங்கள். போனிலேயே முகம் காட்டி ஜீவன் பிரமாண் கொடுக்கலாம். போன் செய்து ஓ.டி.பி. கேட்பவர் யாராக இருந்தாலும், ஜெய் ஹிந்த் என்று ஆரம்பித்தாலும், கட் செய்துவிடுங்கள்.

கடைசியாக அந்த இரும்புப் பெட்டி. டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவு, இ.சி.எச்.எஸ். கார்டு நகல், மெடிக்கல் பேப்பர், இந்த நோட்டு, ஐந்தும் ஒரே ஃபைலில். பொண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அவர் பெயரும் பிறந்த தேதியும் பி.பி.ஓ.விலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அவரையே படிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு எழுத்து மாறியிருந்தது. நான் இருக்கும்போதே மாற்றியாகிவிட்டது, நாலு மாதம் பிடித்தது.